உலோகப் பரப்பின் முன்பதப்படுத்தல்

இரும்பு, எஃகு, துத்தநாகம், அலுமினியம் ஆகியவற்றின் மேல் பெயிண்ட், பவுடர் கோட்டிங் போன்ற காப்புப் பூச்சுகளை ஏற்றுவதற்கு முன் பரப்பைத் துப்புரவாக்கி, சொரசொரப்பாக்கி, தேவையானால் வேதிவினையால் அதன் மேற்தோலையே வேறொரு சேர்மமாக மாற்றும் வேலைகள் அனைத்தும் முன்பதப்படுத்தலில் அடங்கும். பூச்சின் ஆயுளைத் தீர்மானிப்பதில் பெயிண்டின் தரத்தைவிட இதன் பங்கு பெரிது. ஆனால் வேலை முடிந்ததும் பெயிண்டுக்கு அடியில் மறைந்துவிடுவதால், செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

பெயிண்டைத் தண்ணீர் புகாத சுவராகப் பலரும் நினைக்கிறார்கள். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் ஜே.இ.ஓ. மேய்ன் செய்த ஆய்வுகள் இதைத் தகர்த்தன. சாதாரணப் பெயிண்ட் படலத்தின் வழியே உள்ளே செல்லும் நீரும் ஆக்சிஜனும் வெற்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கப் போதுமான அளவு இருந்தன. அப்படியிருந்தும் பெயிண்ட் அடித்த இரும்பு தாக்குப்பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, உப்பு அயனிகள் படலத்தைக் கடப்பது கடினம். இன்னொன்று, படலம் உலோகத்தை விடாமல் பற்றியிருக்கும் வரை துரு வளர இடமில்லை. ஒரு கீறல் விழுந்தால் நிலைமை மாறுகிறது. கீறலில் இரும்பு கரைகிறது. அதன் விளிம்பில், பெயிண்டுக்கு அடியில், ஆக்சிஜன் எலெக்ட்ரான்களை ஏற்றுக் காரத்தன்மையை உண்டாக்குகிறது. அந்தக் காரம் பெயிண்டுக்கும் உலோகத்துக்கும் இடையிலான பிடிப்பை அறுக்க, படலம் மெல்ல மெல்லத் தூக்கிக்கொள்கிறது. முன்பதப்படுத்தலின் வரலாறு முழுவதும் இந்தப் பிடிப்பை எப்படிக் காப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது.

தொடக்கங்கள்

இரும்பைத் துருவிலிருந்து காக்க ஈய வெள்ளை, ஜிப்சம், தார் ஆகியவற்றைப் பூசுவது பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டிருக்கிறார். பரப்பை முதலில் பதப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றப் பல நூற்றாண்டுகள் ஆயின.

டெல்லி குதுப் வளாகத்து இரும்புத் தூணை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. குப்தர் காலத்தைச் சேர்ந்த, சுமார் 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட அந்தத் தூண் 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. கான்பூர் ஐஐடியின் ஆர். பாலசுப்பிரமணியம் அதன் துருவை நுணுகி ஆராய்ந்து, உலோகத்தை ஒட்டி மெல்லிய பாஸ்பேட் படலம் படிந்திருப்பதைக் காட்டினார். கரியைக் கொண்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் உருக்கிய பழைய முறையில், தாதுவிலிருந்த பாஸ்பரஸ் கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. அதன் அளவு சுமார் 0.25 விழுக்காடு, இன்றைய எஃகில் அது 0.05 விழுக்காட்டுக்கும் கீழ். ஈரமும் உலர்வும் மாறிமாறி வந்தபோது அந்தப் பாஸ்பரஸ் தானே ஒரு காப்புத் தோலாக மாறியது. தூணைச் செய்த கொல்லர்கள் இதைத் திட்டமிட்டார்கள் என்று சொல்ல ஆதாரமில்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பாஸ்பேட் தொட்டிகள் சில நிமிடங்களில் செய்ய முயன்ற வேலையை இயற்கை இங்கே தன் போக்கில் செய்து முடித்திருக்கிறது.

சுரண்டலும் ஊதலும்

உருக்காலை உருளைகளிலிருந்து சூடாக வெளிவரும் எஃகுத் தகட்டின் மேல் கருநீல நிறத்தில் ஓர் ஆக்சைடு ஓடு இருக்கும். அதன் பெயர் மில் ஸ்கேல். பார்க்க மழமழவென்று உறுதியாகத் தெரிவதால், அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அது எஃகைவிட மின்வேதியியலில் உயர்ந்த பொருள். ஓட்டில் ஒரு விரிசல் விழுந்து ஈரம் புகுந்தால், ஓடு எதிர்மின்வாயாகவும் விரிசலில் தெரியும் சிறு எஃகுப் புள்ளி நேர்மின்வாயாகவும் ஆகி, அந்தப் புள்ளி ஆழக் குழிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இரும்புக் கப்பல்கள் இதற்குக் கொடுத்த விலை அதிகம். பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல் தகடுகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து ஓட்டைக் கழற்றும் பழக்கத்துக்கு வந்தது இதனால்தான்.

1870இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் டில்க்மன் மணலை நீராவியாலும் காற்றாலும் பீய்ச்சியடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கண்ணாடியில் சித்திரம் பொறிக்கவும் வார்ப்புகளைச் சுத்தம் செய்யவும் தொடங்கிய அந்தக் கருவி, பின்னர் பாலங்களுக்கும் தொட்டிகளுக்கும் கப்பல்களுக்கும் போனது. மணல் துகள் ஓட்டைக் கழற்றுவதோடு பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்களையும் உண்டாக்கி, பெயிண்டுக்குப் பற்றுக்கோடு கொடுத்தது. ஆனால் அடிபட்ட மணல் உடைந்து சிலிக்கா தூசியாகி, அதை ஊதியவர்களின் நுரையீரலில் படிந்தது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்தில்லை. பிரிட்டன் 1949இல் ஒரு சட்டவிதி மூலம் வார்ப்புகள் மீது மணல் ஊதுவதைத் தடை செய்தது. எஃகுக் குண்டுகள், எஃகுச் சில்லுகள், கார்னெட், தாமிர உருக்காலைக் கசடு ஆகியவை மணலின் இடத்துக்கு வந்தன. முன்னேற்றம் என்று எழுதும்போது, அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் மூச்சுத்திணறி இறந்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இந்தச் செலவும் சிரமமும் தேவைதானா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான பதிலைத் தந்தவர் பிரிட்டனின் ஜே.சி. ஹட்சன். தொழில்நகரமான ஷெஃபீல்டின் புகைக்காற்றில் அவர் எஃகுத் தகடுகளை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தார். எல்லாவற்றிலும் ஒரே பெயிண்ட்: இரண்டு கோட் ஈயச் செந்தூரம், அதன் மேல் இரண்டு கோட் சிவப்பு இரும்பு ஆக்சைடு. மாறியது அடிப்பரப்பு மட்டுமே. வெளியில் போட்டுத் துருவேற விட்டு, கம்பித் தூரிகையால் தேய்த்தபின் பூசிய தகட்டில் பெயிண்ட் 2.3 ஆண்டுகள் நின்றது. அமிலத்தில் ஊறவைத்ததில் 9.5 ஆண்டுகள். மணல் ஊதியதில் 10.4 ஆண்டுகள். இடையே ஒரு வியப்பும் இருந்தது. மில் ஸ்கேல் ஓடு துளியும் உடையாமல் முழுதாக இருந்த தகட்டில் 8.2 ஆண்டுகள் நின்றது. ஆனால் ஏற்றி இறக்கி, வளைத்து, வெல்டிங் செய்யும் எந்தக் கட்டுமானத்திலும் ஓடு அப்படி முழுதாக இருக்காது. இன்றும் கிரில் கேட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் உப்புத்தாளால் நாலு இழுப்பு இழுத்துவிட்டுப் பெயிண்ட் அடிக்கும் இடங்களில் நடப்பது, ஹட்சனின் 2.3 ஆண்டு வரிசையில் வரும் வேலைதான்.

சுத்தம் என்பதை எப்படி அளப்பது? ஒப்பந்தக்காரர் சுத்தம் என்பார், மேற்பார்வையாளர் இல்லை என்பார். இந்த வழக்கைத் தீர்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். 1967இல் அவர்கள் வெளியிட்ட தரநிலையில் துருவின் நான்கு நிலைகளும், ஒவ்வொன்றையும் எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் எப்படித் தெரியும் என்பதும் வண்ணப் புகைப்படங்களாக இருந்தன. தகட்டின் பக்கத்தில் படத்தை வைத்துப் பார்த்தால் போதும். அதுவே 1988இல் ஐஎஸ்ஓ 8501 தரநிலையானது. சென்னைத் துறைமுகம் முதல் கல்ஃப் எண்ணெய்க் கிடங்குகள் வரை பெயிண்டிங் ஒப்பந்தங்களில் வரும் 'எஸ்ஏ 2½' என்ற குறியீடு அங்கிருந்து வந்ததுதான். புள்ளிகளாகவோ கோடுகளாகவோ தெரியும் லேசான கறைகள் தவிர வேறெதுவும் இல்லாத அளவு சுத்தம் என்பது அதன் பொருள்.

கண்ணுக்குத் தெரியும் சுத்தம் போதாது என்பது பிறகுதான் தெரிந்தது. கடற்கரைக் காற்றில் வந்து படிந்த உப்பு, பளிச்சென்று இருக்கும் எஃகின் குழிகளில் ஒளிந்திருக்கும். பெயிண்டுக்கு அடியில் அகப்பட்ட அந்த உப்பு சவ்வூடுபரவல் மூலம் நீரை உள்ளே இழுத்துக் கொப்புளமாக்கும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006 டிசம்பரில் ஏற்ற விதி, கப்பல்களின் நீர்ச்சுமைத் தொட்டிகளுக்கு எஸ்ஏ 2½ அளவுச் சுத்தத்தோடு, சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மிகாத உப்பு என்ற வரம்பையும் வைத்தது. தகட்டின் கூர் விளிம்புகளை உருட்டிவிட வேண்டும் என்றும் சொன்னது. கூர் விளிம்பிலிருந்து பெயிண்ட் நழுவி மெலிந்துவிடும். துரு முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். 15 ஆண்டுகள் பூச்சு நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்பது அந்த விதியின் இலக்கு.

பாஸ்பேட்

வேதி முன்பதப்படுத்தலின் பெருங்கதை பாஸ்பேட்டினுடையது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பாஸ்பாரிக் அமிலத்தில் முக்கும் முறைக்கு 1869இல் பிரிட்டனில் ராஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். அது பரவவில்லை. 1906இல் பர்மிங்காமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட், இரும்பைக் காய்ச்சுவதற்குப் பதில் கரைசலைக் கொதிக்கவைத்தார். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் இரும்புத்தூளைக் கரைத்து, அதில் பொருள்களை இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஊறவிட்டால் சாம்பல் கறுப்பில் ஒரு தோல் படிந்தது. சில ஆண்டுகளில் அவரே துத்தநாகத்தையும், 1911இல் ரிச்சர்ட்ஸ் என்பவர் மாங்கனீசையும் கரைசலில் சேர்த்தார்கள்.

வினை எளிமையானது, அழகானது. கரைசல் அமிலத்தன்மை உள்ளது; அதில் துத்தநாகப் பாஸ்பேட் கரைந்தே இருக்கும். எஃகை முக்கியதும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்குகிறது. ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்புகின்றன. இதில் உலோகத்தை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் மட்டும் அமிலத்தன்மை குறைகிறது. அந்த இடத்தில் துத்தநாகப் பாஸ்பேட்டால் கரைந்திருக்க முடியாது. படிகமாக உலோகத்தின் மேலேயே முளைக்கிறது. அதாவது தாக்குதல் நடக்கும் இடத்தில்தான் காப்பு விளைகிறது. பரப்பு முழுவதும் படிகத்தால் மூடப்பட்டதும் வினை தானே நின்றுவிடுகிறது.

காஸ்லெட்டின் உரிமைகளை வாங்கிய கிளார்க் பார்க்கர், தன் மகன் வைமன் பார்க்கருடன் 1915இல் டெட்ராய்ட்டில் துருத்தடுப்பு நிறுவனம் தொடங்கினார். அந்த ஊர் தற்செயலாக அமைந்ததல்ல. கார் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. முதல் உலகப்போரின் இறுதியில் அமெரிக்க ராணுவத் துப்பாக்கிகளும் இந்தச் சாம்பல் தோலைப் பெற்றன. படிகங்களின் இடுக்குகள் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொண்டதால் ஆயுதங்களுக்கு அது நன்றாகப் பொருந்தியது.

கார்களுக்கு ஒரு தடை இருந்தது: நேரம். நிமிடத்துக்கொரு வண்டி நகரும் வரிசையில் ஒரு மணிநேர முக்கலுக்கு இடமில்லை. 1929 வாக்கில் பார்க்கர் நிறுவன வேதியியலாளர்கள் கரைசலில் துளி தாமிர உப்பைச் சேர்த்து நேரத்தைப் பத்து நிமிடங்களாகக் குறைத்தார்கள். அந்தச் சரக்குக்கு பாண்டரைட் என்று பெயர். அடுத்து நைட்ரேட் வந்து ஐந்து நிமிடமாக்கியது. 1930களின் நடுவில் முக்குவதை விட்டுத் தெளிக்கத் தொடங்கியதும் ஒன்று, ஒன்றரை நிமிடம் போதுமானது. இந்த வேகம் இல்லையென்றால் மலிவான கார் சீக்கிரமே துருப்பிடித்த காராகவும் இருந்திருக்கும்.

இப்படி நேரத்தைக் குறைக்கும் விரைவாக்கிகள் செய்வது என்னவென்றால், பரப்பில் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்கும் ஹைட்ரஜனை உடனே அகற்றுவதும், கரைந்த இரும்பை ஆக்சிஜனேற்றிச் சகதியாகக் கீழே வீழ்த்துவதும். இன்று கோயம்புத்தூர், ஓசூர், அம்பத்தூர்ப் பட்டறைகளில் 'டோனர்' என்று சொல்லித் தொட்டியில் ஊற்றும் சோடியம் நைட்ரைட் கரைசலும் இந்த வேலையைத்தான் செய்கிறது. அதைக் கூடுதலாக ஊற்றினால் சகதி பெருகும். குறைத்தால் படலம் திட்டுத்திட்டாகும்.

வேகம் கிடைத்தபோது இன்னொரு சிக்கல் தலைதூக்கியது. படிகங்கள் ஒரு நாள் நுண்ணியதாகவும் மறுநாள் பெரிதாகவும் வந்தன. பெரிய படிகத்தின் மேல் பெயிண்ட் பளபளக்காது, வளைத்தால் உதிரும். வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஜார்ஜ் ஜெர்ன்ஸ்டெட், டைட்டானியம் சேர்த்துத் தயாரித்த சோடியம் பாஸ்பேட்டின் மிக நீர்த்த கரைசலில் எஃகை முதலில் அலசினால், பாஸ்பேட் படிகங்கள் சீராகவும் நெருக்கமாகவும் முளைப்பதைக் கண்டறிந்து 1943இல் காப்புரிமை பெற்றார். கரைசலில் மிதக்கும் நுண்துகள்கள் பரப்பெங்கும் ஒட்டி, ஒவ்வொன்றும் ஒரு படிகத்துக்கு விதையானது. இந்த நூற்றாண்டுக் கதையில் என்னை மிகவும் கவர்வது இந்தக் கண்டுபிடிப்புதான். அலசல் தொட்டி ஒன்றைக் கூடுதலாக வைத்ததில் முழுத் தொழிலின் தரமும் மாறியது.

1976இல் எதிர்மின்வாய் மின்படிவுப் பெயிண்ட் கார்களுக்கு வந்தது. கார் உடலையே எதிர்மின்வாயாக்கிப் பெயிண்டுத் தொட்டியில் முக்கும் இந்த முறை, கதவின் உட்குழிகள் வரை பூசியது. ஆனால் படியும்போது உலோகப் பரப்பில் காரத்தை உண்டாக்கியது. பனியைக் கரைக்க உப்புத் தூவும் வட அமெரிக்கச் சாலைகளில் கல்தெறித்த இடங்களிலும் காரம்தான் பெயிண்டைத் தூக்கியது. ஆகவே காரத்தைத் தாங்கும் பாஸ்பேட் எது என்ற தேடல் தொடங்கியது. எஃகின் மேல் இரண்டு வகைப் படிகங்கள் உருவாகலாம். ஒன்று ஹோபைட், துத்தநாகம் மட்டும் உள்ளது. மற்றது பாஸ்போபிலைட், இரும்பும் சேர்ந்தது. காரத்தில் எளிதில் கரையாது. துத்தநாகத்தைக் குறைத்து முக்கினால் இரண்டாவது வகை கூடுதலாகக் கிடைத்தது. துத்தநாகம் பூசிய தகட்டில் இரும்பு வெளியே தெரியாது என்பதால் அங்கே இந்த வழி பலிக்கவில்லை. 1980களில் நிக்கலும் மாங்கனீசும் கலந்த முக்கலவைப் பாஸ்பேட் அந்தக் குறையைத் தீர்த்தது. ஹோபைட், பாஸ்போபிலைட் இரண்டும் சுரங்கங்களில் அரிதாகக் கிடைக்கும் கனிமங்கள். பச்சை நீலப் பாஸ்போபிலைட்டைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். சாலையில் போகும் கோடிக்கணக்கான கார்களின் பெயிண்டுக்கு அடியில் அதே படிகம் சில மைக்ரான் கனத்தில் கிடக்கிறது.

குரோமேட்

அலுமினியத்துக்குப் பாஸ்பேட் அவ்வளவாகப் பொருந்தவில்லை. 1915இல் ஜெர்மனியில் பாயரும் ஃபோகலும் சோடா, குரோமேட் கலந்த கொதிகரைசலில் அலுமினியத்தை முக்கிக் காப்புத் தோல் பெற்றார்கள். 1923இல் பிரிட்டனின் பெங்கோவும் ஸ்டூவர்ட்டும் கடல்விமானங்களின் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பாகங்களுக்காகக் குரோமிக் அமிலத்தில் மின்முறை ஆக்சிஜனேற்றத்தைக் கொண்டுவந்தார்கள். 1936இல் நியூஜெர்சி ஜிங்க் நிறுவனத்தின் முறை, துத்தநாகத்துக்குச் சில நொடிகளில் பொன்மஞ்சள் படலத்தைத் தந்தது. 1940களில் அலோடைன் என்ற குரோமேட் முறை வந்தபின் விமானங்கள், ஜன்னல் சட்டங்கள், மின்னணுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் அந்த மஞ்சள் பரவியது.

குரோமேட்டின் வலிமை அதன் தானே ஆறும் குணம். படலத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் கொஞ்சம் கரையும் நிலையில் தங்கியிருக்கும். கீறல் விழுந்து ஈரம் பட்டதும் அது கரைந்து கீறலுக்கு நகர்ந்து, அங்கே மூன்று இணைதிறன் ஆக்சைடாகப் படிந்து காயத்தை மூடிவிடும். வேறெந்த முன்பதப்படுத்தலும் இதை இவ்வளவு எளிதாகச் செய்ததில்லை.

ஆனால் அந்தக் கரையும் தன்மையாலேயே அது உடலுக்குள் நஞ்சாக நுழைகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாஸ்கோ அருகிலிருந்த குரோமேட் ஆலைத் தொழிலாளர்களின் மூக்கின் நடுச்சுவரில் துளை விழுந்தது அறியப்பட்டிருந்தது. பின்னர் நுரையீரல் புற்றுநோய் உறுதியானது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் ஆறு இணைதிறன் குரோமியத்தை முதல் வகைப் புற்றுக்காரணியாக அறிவித்தது. தமிழ்நாட்டுக்கு இது வெளியூர்ச் செய்தி அல்ல. ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் கழிவைத் திறந்தவெளியில் விட்டுச் சென்றது. தோல் பதனிடுதலுக்கான சரக்கே அங்கு முதன்மை. ஆனால் உலோகத் தொட்டிகளுக்குப் போகும் டைகுரோமேட்டும் இதே வேதித்தொழிலின் பிள்ளை. அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் மஞ்சள் இறங்கியது.

ஐரோப்பாவின் வாகனக் கழிவு விதி 2000இலும், மின்னணுப் பொருள் விதி 2006 ஜூலையிலும் ஆறு இணைதிறன் குரோமியத்தை ஒதுக்கத் தொடங்கின. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டு மாற்றுமுறையை உருவாக்கியது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் விம் ஃபான் ஓய் சிலேன் சேர்மங்களை ஆராய்ந்தார். விமான முதற்பூச்சுகளில் குரோமேட் இன்னும் முற்றாக விடைபெறவில்லை.

தமிழ்நாட்டில்

1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் எழுந்து 1953 ஜனவரியில் திறக்கப்பட்டது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம். அரிப்பைத் தன் முதன்மைத் துறைகளில் ஒன்றாகக் கொண்ட அது, பாம்பன் நீரிணைக்கு அருகே மண்டபத்தில் வைத்திருக்கும் நிலையத்தில் உலோகத் தகடுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் நிறுத்திச் சோதித்துவருகிறது. சென்னையில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் கிளையிலிருந்து டி.எஸ்.என். சங்கரநாராயணன் 2005இல் எழுதிய பாஸ்பேட் முன்பதப்படுத்தல் பற்றிய மதிப்பாய்வு, உலகெங்கும் இத்துறைக்கு வருபவர்கள் முதலில் படிக்கும் கட்டுரைகளில் ஒன்றாகியிருக்கிறது.

சிறு பவுடர் கோட்டிங் பட்டறைகளில் வழக்கில் இருப்பது 'செவன் டேங்க்' முறை. எண்ணெய் நீக்கும் தொட்டி, அலசல், துரு நீக்கும் அமிலம், அலசல், பாஸ்பேட், அலசல், கடைசியில் பாசிவேஷன். துப்புரவைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. எண்ணெய் போன தகட்டில் தண்ணீர் உடையாத ஒரே படலமாக வழியும். எண்ணெய் மிச்சமிருந்தால் திட்டுத்திட்டாக விலகும். அனுபவமுள்ள தொட்டியாளர் இதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

சிர்கோனியம்

2000களின் நடுவிலிருந்து கார் ஆலைகளில் பாஸ்பேட்டின் இடத்துக்குச் சிர்கோனியம் வரத் தொடங்கியது. ஹெக்சாஃப்ளூரோசிர்கோனிக் அமிலத்தின் நீர்த்த கரைசலில் முக்கும்போது, பாஸ்பேட்டில் நடந்த அதே அமிலக்குறைவு வினையால் சிர்கோனியம் ஆக்சைடு படிகிறது. பாஸ்பேட் படலம் ஓரிரு மைக்ரான். இதுவோ சில பத்து நானோமீட்டர். தொட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை, நிக்கல் இல்லை, ஏரி குளங்களில் பாசியைப் பெருக்கும் பாஸ்பேட் இல்லை, சகதியும் மிகக் குறைவு. எஃகு, துத்தநாகம், அலுமினியம் மூன்றும் கலந்த ஒரே கார் உடலை ஒரே தொட்டியில் முக்கலாம்.

இவ்வளவு மெல்லிய தோல் அடிப்பரப்பின் குறைகளை மறைக்காது. எண்ணெய் நீக்கமும் அலசலும் துளி தவறினாலும் பெயிண்டில் தெரிந்துவிடும். கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய நீர் வேண்டும். போர்வெல் நீரில் உப்பு கூடிய ஊர்களில் அதற்குத் தனியாக ஆர்.ஓ. கருவியும் செலவும் தேவைப்படுவதால், பல சிறு பட்டறைகள் துத்தநாகப் பாஸ்பேட்டிலேயே தொடர்கின்றன. அவற்றின் தொட்டியடியில் சேரும் சகதி, 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி அபாயகரமான கழிவு. அதைச் சாக்கடையிலோ காலி மனையிலோ கொட்டாமல் அனுமதி பெற்ற கழிவு மேலாண்மைத் தளத்துக்கு அனுப்ப வேண்டும்.